ஒரு நாள் தீவு

“யாருமே இல்லாத ஓர் இடத்தில் ஒரு நாள் இருந்துவிட்டு வரவேண்டும்போல் இருக்கிறது” என்று என் மனைவி சொன்னபோது நான் அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். திருமணமாகி இருபத்தேழு ஆண்டுகளில் அவள் என்னிடம் வைத்த கோரிக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவற்றுள்ளும் பாதி, கூரை ஒழுகுவது பற்றியவை. ஆகவே, பேனாவைக் கீழே வைத்தேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கியதில் என் தாயார் வலக்கையின் இயக்கத்தையும் பேச்சையும் இழந்தார். அன்றுமுதல் ஏதேனும் வேண்டுமென்றால், இடக்கையிலுள்ள எவர்சில்வர் தம்ளரால் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டுவார். ஒருமுறை தட்டினால் தண்ணீர். இருமுறை தட்டினால் புரண்டு படுக்க உதவி. விடாமல் தட்டினால் அருகில் சென்றுதான் அறியவேண்டும். பிள்ளைகள் இருவரும் வேலையின் பொருட்டு வெளியூர் சென்றுவிட்டனர். நான் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குப் புறப்பட்டால், சிறப்பு வகுப்பு முடிந்து திரும்ப மாலை ஆறு மணியாகும். அந்தத் தம்ளரின் ஓசையைப் பகலெல்லாம் கேட்பவள் அவள்.

அன்று எனக்கு இவையெல்லாம் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவள் ஓர் இடத்தைக் கேட்கிறாள் என்றே நான் எண்ணினேன். யாருமே இல்லாத இடம் எது என்று யோசித்தேன். ‘தீவு’ என்று விடை கிடைத்தது.

விடை அவ்வளவு விரைவாகக் கிடைத்ததற்குக் காரணம் உண்டு. அந்த வாரந்தான் வகுப்பில் மணிமேகலையைப் பற்றிப் பேசியிருந்தேன். புகார் நகரத்து உவவனத்திலிருந்து மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்திலேயே எடுத்துச்சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. கண்விழித்தவள் தோழி சுதமதியைத் தேடுகிறாள். தந்தை கோவலனை நினைத்து அழுகிறாள். பின்னர் அத்தீவிலுள்ள பொய்கையில், வைகாசித் திங்கள் முழுநிலவு நாளில் வெளிப்படும் அமுதசுரபி அவள் கைக்கு வருகிறது. பொய்கையின் பெயரைச் சொன்னதும் எங்கள் வகுப்பு ஆண்டுதோறும் நிமிர்ந்து உட்காரும். அதன் பெயர் கோமுகி. கல்வராயன் மலையில் பிறந்து, கச்சிராயபாளையத்தை அடுத்த அணையில் தேங்கி, எங்கள் வயல்களுக்குப் பாயும் ஆற்றின் பெயரும் கோமுகியே. அந்த ஆற்றில் நீந்தப் பழகிய பிள்ளைகளுக்குச் சீத்தலைச் சாத்தனார் தங்கள் ஊருக்கு வந்துசென்றவர்போலத் தோன்றிவிடுவார். “அப்படியானால் அமுதசுரபி நம் அணைக்குள் கிடக்குமா ஐயா?” என்று ஒருவராவது கேட்பர். பெயர் ஒன்று, நீர் வேறு என்று விளக்குவேன். விளக்கும்போது எனக்கே சற்று வருத்தமாக இருக்கும்.

கோமுகிக் கரையில் வாழும் நாங்கள் கடலைக் காண வேண்டுமென்றால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ செல்லவேண்டும். தீவு என்பது எங்களைப் பொறுத்தவரை வரைபடத்தில் காணும் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியைத் தேடும் வேலையை அன்றிரவே தொடங்கினேன்.

பெயர்களின் வரிசை

மணிபல்லவம் என்பது யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்று கருதுவோர் உளர். அங்கே செல்லக் கடவுச்சீட்டு வேண்டும். மேலும் அது மக்கள் வாழும் தீவு. இலட்சத்தீவுகளைப் பார்த்தேன். அங்கும் மக்கள் வாழ்பவை பத்துத் தீவுகளே, ஏனையவை ஆளற்றவை. ஆனால், நுழைவு அனுமதி பெற்று, கொச்சிக்குச் சென்று, அங்கிருந்து கப்பலிலோ விமானத்திலோ செல்லவேண்டும். ஒரு நாள் விடுப்புக்கு அது பொருந்தாது. அந்தமான் அதைவிடத் தொலைவு. அந்தமானைப் பற்றிப் படிக்கும்போது வடசென்டினல் தீவு குறுக்கிட்டது. வெளியார் எவரும் தங்கள் கரையில் இறங்குவதை அத்தீவின் மக்கள் விரும்புவதில்லை. இந்திய அரசும் அதனை நெருங்கத் தடைவிதித்துள்ளது. ‘இது நமக்குத் தேவையற்ற செய்தி’ என்று பக்கத்தைத் திருப்பினேன்.

இறுதியில் நம் கடற்கரைக்கே வந்து சேர்ந்தேன். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 சிறு தீவுகள் உள்ளன. 1986ஆம் ஆண்டு இவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் இவற்றைச் சூழ்ந்த 10,500 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் இங்கு வாழ்கின்றன. ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் இங்குண்டு.

தமிழாசிரியனுக்குப் புள்ளிவிவரத்தைவிடப் பெயர்கள் இனிக்கும். நல்லதண்ணித்தீவு, உப்புத்தண்ணித்தீவு என இரண்டும் அருகருகே உள்ளன. முதன்முதலில் இறங்கி மணலைத் தோண்டிச் சுவைத்துப் பார்த்த மீனவரின் நாக்கு இட்ட பெயர்கள் அவை என்றே எனக்குத் தோன்றுகிறது. முயல்தீவு, வாழைத்தீவு, முள்ளித்தீவு, தலையாரித்தீவு, அப்பா தீவு என ஓர் ஊரையே கடலில் சிதறவிட்டதுபோல் இருக்கிறது அந்த வரிசை. ஆனைப்பார் என்பதில் உள்ள ‘பார்’, கடலடிப் பாறையைக் குறிப்பது. காரைச்சல்லி, விலாங்குச்சல்லி என்பவற்றில் வரும் ‘சல்லி’யோ, வீடு கட்டுவோர் நாவில் நாள்தோறும் புரளும் அதே சொல்தான், பவளத் துண்டுகள் நொறுங்கிக் குவிந்த தீவுகள். என் மனைவிக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். “பூமரிச்சான்” என்றதும், “இது யாரோ பெண்பிள்ளைக்கு வைத்த பெயர்போல் இருக்கிறதே” என்றாள். அதற்குள் தம்ளர் ஓசை கேட்டது. எழுந்து போனாள்.

21 தீவுகள் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. ஆனால், அவற்றுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டும் இப்போது நீருக்கு மேலே இல்லை. வான்தீவின் பெரும்பகுதியும் கரைந்துவிட்டது. சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது இதற்கு ஒரு முதன்மைக் காரணம். அலையின் விசையைத் தாங்கி உடைப்பவை பவளப்பாறைகள். அவை போனால் அலை நேரே மணலை அரிக்கும். 2001இல்தான் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வான்தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பவளப்பாறைக் கட்டமைப்புகளைக் கடலில் இறக்கி வருகின்றனர். இத்தீவுகளில் விரும்பியபடி இறங்கவோ இரவு தங்கவோ இயலாது. எனினும், பாம்பனை அடுத்த குருசடைத்தீவுக்கு வனத்துறையினரே பகலில் படகில் அழைத்துச் சென்று திருப்பி அழைத்து வருகின்றனர்.

குருசடை ஏறத்தாழ 66 எக்டேர் பரப்புடையது. எங்கள் பக்கத்து ஏரிகள் சில அதைவிடப் பெரியவை. ஆனால், உயிரியல் அறிஞர்களுக்கு அது பெரிய ஊர். அதன் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இலேயே ஒரு தனி நூல் வெளியிட்டது. விலங்கியலில் முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் இடைப்பட்டதாக நீங்கள் படிக்கும் பலனோகிளாசஸ் என்னும் புழு, இத்தீவின் மணலில் வாழ்கிறது. அதுவே நாங்கள் செல்லவேண்டிய இடம் என்று முடிவு செய்தேன். அதாவது, நான் முடிவு செய்தேன்.

மலையிலிருந்து வந்த கேள்வி

விருத்தாசலம் தொடர்வண்டி நிலையம்வரை செல்ல ஒரு வண்டி வேண்டியிருந்தது. கல்வராயன் மலையில் வெள்ளிமலையை அடுத்த சிற்றூரிலிருந்து வந்து என்னிடம் படித்த ஒருவர், இப்போது சொந்தமாகச் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். அவரை வரச்சொன்னேன். மரவள்ளிக் கிழங்குடன் வந்தார். மேசைமேல் கிடந்த வரைபடத்தைக் காட்டி, “யாருமே இல்லாத தீவு. கண்டுபிடித்துவிட்டேன்” என்றேன். சற்றுப் பெருமையாகவே சொன்னேன்.

அவர் வரைபடத்தை உற்றுப் பார்த்தார். “யாருமே இல்லையென்று யார் ஐயா சொன்னது?” என்றார்.

“நூலில் இருக்கிறதே.”

“எங்கள் மலைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள் ஐயா. நான்தானே அழைத்துக்கொண்டு போகிறேன். அருவிப்பக்கம் இறங்கியதும், ‘அப்பாடா, ஆளே இல்லை’ என்பார்கள். அதற்கு மேலேதான் எங்கள் சாமைக் கொல்லை. என் அம்மா களை எடுத்துக்கொண்டு இருப்பார்கள். குனிந்திருப்பதால் தெரியாது.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு, பாட்டில்களை அள்ளிக்கொண்டுவர வண்டியில் எப்போதும் இரண்டு சாக்குப்பை வைத்திருப்பதாகவும் சொன்னார்.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவன் நான். அந்த மலை 1976ஆம் ஆண்டுவரை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது என்பதையும், நாடு விடுதலை பெற்று இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அங்கு வாழும் மலையாளி பழங்குடி மக்கள் அரசின் நேரடி நிருவாகத்தின்கீழ் வந்தனர் என்பதையும் நாற்பது வயதிற்குமேல்தான் அறிந்தேன். கல்லூரிக் காலத்தில் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மலைக்குச் சென்றோம். மழையில் ஓடைகள் பெருகி, இரண்டு நாள் இறங்க முடியாமல் போயிற்று. எங்களுக்கு அது கொண்டாட்டம். ஊரார் தங்களுக்கென வைத்திருந்த சாமையைச் சமைத்து எங்களுக்குப் போட்டனர் என்பதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இளமையில் பசிக்கும், கேள்வி எழாது.

என் மாணவரின் கேள்வி என்னை மீண்டும் தேடச் செய்தது. குருசடையைச் சுற்றியுள்ள ஆழங்குறைந்த கடலில், பாம்பன் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகக் கடற்பாசி எடுத்து வருகின்றனர். சேலைமேல் சட்டையணிந்து, விரல்களில் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பாறையிடுக்கிலிருந்து பறிக்கின்றனர். மரிக்கொழுந்து என்று அவர்கள் அழைக்கும் பாசியிலிருந்து, ஆய்வகங்களிலும் இனிப்புகளிலும் பயன்படும் அகர் எடுக்கப்படுகிறது. தேசியப் பூங்கா வந்தபின் இத்தொழிலுக்குப் பல இடையூறுகள் நேர்ந்தன. தங்கள் வாழ்வும் வேண்டும், பாசியும் அழியக்கூடாது என்று மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது என்றும், மீன்கள் இனம்பெருக்கும் காலத்தில் சில வாரங்கள் கடலில் இறங்குவதில்லை என்றும் அப்பெண்களே கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். இவ்வியக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, தீவுகளின் சூழலைக் காப்போருக்கான சீகாலஜி பரிசு 2015இல் வழங்கப்பட்டது. பள்ளியில் படிக்க வாய்ப்புக் கிடைக்காதவர் அவர்.

‘ஆளற்ற தீவு’ என்று என் குறிப்பேட்டில் எழுதியிருந்ததை அடித்தேன். அவ்விடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்று பக்கங்கள்

பயணத்திற்கு முதலில் பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மார்ச் மாதம் பொதுத்தேர்வுப் பணி. ஏப்ரல் இறுதி என்று மாற்றினேன். அதற்குமேல் தள்ள முடியாது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழுந்துவிட்டால் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், படகு போகாது. ஆத்தூரில் இருக்கும் என் தங்கை, இரண்டு நாள் வந்திருந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். “இரண்டு நாள்தானே, நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா அண்ணி!”

பயணத்திட்டத்தை நான் ஒரு முழுப்பக்கத்தில் எழுதிக் கூடத்தில் ஒட்டினேன். புறப்படும் நேரம், சேரும் நேரம், செலவு எல்லாம் அதில் இருந்தன. மனைவி அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: “அங்கே போனால் என்னை யாரும் கூப்பிடமாட்டார்களே?”

“திறன்பேசி அங்கே எடுக்குமோ என்னவோ” என்றேன் நான். கேள்வி அதுவன்று என்பது எனக்கு அடுத்த நாள்தான் புரிந்தது.

அடுத்த நாள், அவள் என் தங்கைக்காக எழுதிவைத்த குறிப்பைக் கண்டேன். பழைய வீட்டுப்பாட ஏட்டிலிருந்து கிழித்த மூன்று பக்கங்கள். விடைத்தாள் திருத்திய பழக்கத்தால் முதல் வரியிலேயே ஓர் ஒற்றுப்பிழையைக் கண்டு பேனாவைத் தேடினேன். பிறகு தொடர்ந்து படித்தேன்.

‘காலை 5.30 – வாய் கொப்பளிக்க வெந்நீர். முதலில் உன் கையில் ஊற்றிப் பார். சூடு பொறுக்காது, ஆனால் சொல்லத் தெரியாது.

மாத்திரையைப் பொடித்துத் தயிரில் கலந்து கொடு. கசந்தால் துப்பிவிடுவார். திட்டாதே.

இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் சன்னலைத் திற. முருங்கை மரத்தைப் பார்க்க வேண்டும் அவருக்கு.

இரவு 11, பின்னிரவு 2, பிறகு 4.30 – திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும்.

சில நாள் காரணமில்லாமல் அழுவார். ஏன் என்று கேட்காதே. பக்கத்தில் உட்கார்.’

பின்னிரவு இரண்டு மணி! நான் உறங்கும் அதே அறையில், ஆறு ஆண்டுகளாக, இரவுதோறும் ஒருவர் இரண்டு மணிக்கு எழுந்திருக்கிறார். அதை நான் ஒரு நாளும் அறியவில்லை. நல்ல உறக்கம் எனக்கு என்று பிறரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். ஒற்றுப்பிழையைத் திருத்தவில்லை. கூடத்தில் ஒட்டியிருந்த என் திட்டத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அன்றிரவு இரண்டு மணிக்குக் கடிகாரத்தில் ஒலி வைத்து எழுந்தேன். அவள் எனக்குமுன் எழுந்திருந்தாள். “நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? உடம்புக்கு என்ன?” என்று பதறினாள். எப்படித் திருப்பவேண்டும் என்று கேட்டேன். தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பற்றவேண்டும். அம்மா கண்விழித்து என்னைப் பார்த்து, யாரோ அயலார் என்பதுபோல் விழித்தார்.

புறப்படும் நாளன்று, தீவுக்குப் போகிறோம் என்பதை மனைவி அம்மாவின் காதருகே சொன்னாள். அம்மா இடக்கையைத் தலையணை உறைக்குள் விட்டு நெடுநேரம் துழாவினார். நான்காக மடித்த இருநூறு ரூபாய்த் தாள் ஒன்றை எடுத்து மருமகளின் கையில் வைத்து அழுத்தினார். அந்தப் பணம் எப்போதிலிருந்து அங்கே இருந்தது என்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

குந்துகால்

இரவுத் தொடர்வண்டி. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்தை விடியலுக்கு முன் கடந்தோம். பக்கத்தில் 1914ஆம் ஆண்டின் பழைய பாலம் கருங்கோடாகத் தெரிந்தது. அதைப் பற்றி மனைவிக்கு விளக்க வாயெடுத்தேன். அவள் சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக் கீழே இருண்ட நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாதிருந்தேன்.

குருசடைக்குப் படகு குந்துகாலிலிருந்து புறப்படுகிறது. மேலைநாட்டுப் பயணத்தை முடித்து, கொழும்பு வழியாகத் திரும்பிய விவேகானந்தர் 1897 சனவரி 26 அன்று வந்திறங்கிய கரை அது. நினைவு மண்டபம் ஒன்றும் உள்ளது. நெகிழிப்பொருள் எதையும் கொண்டுசெல்லக்கூடாது என்பதால், மனைவி தூக்குவாளியில் கட்டியிருந்த புளிச்சோற்றுக்கு மட்டும் இடம் கிடைத்தது. கடல் அமைதியாக இருந்தது. “இன்னும் பத்துப் பதினைந்து நாள்தான். அப்புறம் கச்சான் வந்துவிடும்” என்றார் படகோட்டி. பாசி எடுக்கும் பெண்களைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். “இப்போது வரமாட்டார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம்” என்றார்.

தீவில் இறங்கினோம். வெண்மணலும் நொறுங்கிய பவளத் துண்டுகளும் கால்களில் உறுத்தின. தாழையும் பூவரசும் குடைபோல் விரிந்த உடைமரங்களும் நின்றன. வனக்காவலர் கரையோரம் எங்களை அழைத்துச் சென்று ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டே சென்றேன். சற்று நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது மனைவி எங்களோடு இல்லை.

வந்த வழியில் ஓர் உடைமர நிழலில், கால்களை நீட்டிக் கடலைப் பார்த்தபடி அவள் உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அவள் கைகள் அப்படிக் கிடந்து நான் பார்த்ததில்லை. எங்கோ படகின் சங்கிலி கட்டையில் மோதி ‘டங்’ என்று ஒலித்தது. அவள் சட்டென்று ஒரு கையை ஊன்றி எழப்போனாள். பிறகு தலையைத் திருப்பிப் படகைப் பார்த்தாள், மீண்டும் உட்கார்ந்துகொண்டாள். மறுமுறை ஒலித்தபோது அசையவில்லை.

வனக்காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, “நேரமாகிவிட்டது ஐயா, அம்மாவைக் கூப்பிடுங்கள்” என்றார். நான் அவளை நோக்கிப் பத்தடி நடந்தேன். பிறகு திரும்பி வந்து, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாமா என்று அவரிடம் கேட்டேன்.